புகையான் வந்தால் யாரைக் கேட்பது? கடையா, ஆபீஸா, போனா, பக்கத்து வரப்பா?

போன வாரம் வந்த கேள்வி இது. எழுதியவருக்கு மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். தாளடி நெல், நட்டு ஐம்பது நாள். "நடு வயல்ல வட்டமா காயுது. மருந்துக் கடையில மூணு பாட்டில் எடுத்து வச்சுட்டார். யூடியூப்ல வேப்பெண்ணெய் போதும்ங்கிறாங்க. மச்சான் யூரியா போடுங்கிறார். ஏஓ (வேளாண்மை அலுவலர்) ஆபீஸ் போனா ஆள் இல்ல. நான் யார் பேச்சைக் கேட்கட்டும்?"

மச்சான் பேச்சை மட்டும் உடனே விட்டுவிடுங்கள். வட்டம் வட்டமாகக் காய்வது புகையான், அதாவது நெல் தண்டின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி என்றால், யூரியா அதற்கு வைக்கும் விருந்து. மற்றவர்கள் சொன்னதை நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு பூச்சியின் பெயரில் வருடம் முழுக்க வருகிறது. என்ன மருந்து என்பதைவிட யாரைக் கேட்பது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

2003இல் மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களிடம் இதைக் கேட்டது. நூற்றுக்கு அறுபது குடும்பங்கள் எங்கிருந்தும் எந்தத் தொழில்நுட்பத் தகவலும் பெறவில்லை. மற்றவர்கள் கேட்டது முக்கியமாக யாரிடம்? மொத்தக் குடும்பங்களில் முன்னோடி விவசாயிகளிடம் 16.7 சதவீதம், இடுபொருள் கடைக்காரர்களிடம் 13.1, ரேடியோவில் 13. அரசு விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவர்கள் 5.7 சதவீதம்தான். அப்போது கையில் ஸ்மார்ட்போன் இல்லை, இப்போது இருக்கிறது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வயலிலிருந்து ஏறி வருகிறவரின் கால் முதலில் போகும் இடம் இன்றும் மருந்துக் கடைதான். அதற்குக் காரணமும் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். சொல்பவர் பயிரைக் கண்ணால் பார்க்கிறாரா? பதில் எத்தனை நாளில் கிடைக்கும்? நம் மண், தண்ணீர், நெல் ரகம் அவருக்குத் தெரியுமா? போக்குவரத்தும் வேலை கெட்டு இழந்த கூலியும் சேர்த்து மொத்தச் செலவு என்ன? ஐந்தாவதுதான் முக்கியம்: அந்தப் பதிலால் அவருக்கு வரும்படி உண்டா?

விற்பவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வைத்தியரே மருந்துக் கடையும் வைத்திருந்தால், "மருந்து வேண்டாம், ரெண்டு நாள் கஞ்சி குடி" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது, அவ்வளவுதான். வயலிலும் பல நேரம் சரியான பதில் "ஒன்றும் அடிக்க வேண்டாம், தண்ணீரை வடி" என்பதாகவே இருக்கும். அதைச் சொல்லி யாரும் பில் போட முடியாது.

## மருந்துக் கடை

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடை ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கிறது. கேட்ட உடனே பதில். பொருள் அங்கேயே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவடை வரை கடன். ஏஓ ஆபீஸில் கடன் கொடுப்பார்களா? அந்த வட்டாரத்தில் இந்த வாரம் எந்தப் பூச்சி எந்த ஊரில் இறங்கியிருக்கிறது என்பதும் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். தினமும் இருபது பேர் அதே இலையைக் கிள்ளிக்கொண்டு வருகிறார்களே. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற மத்திய அரசு வேளாண் விரிவாக்க நிறுவனம் கடைக்காரர்களுக்கென்றே 2003 முதல் ஒரு பட்டயப் படிப்பு நடத்துகிறது, 48 வாரம். அதைப் படித்தவர் கடையில் பேச்சின் தரமே வேறு. சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், பாருங்கள்.

மறைசெலவு மூன்று. முதலாவது, கடனுக்கு வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. வட்டி பாட்டிலின் விலையிலேயே ஏறியிருக்கும். இரண்டாவது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சேர்த்துக் கொடுக்கும் டானிக். ஒரு டேங்கில் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று என்று கலந்து அடித்தால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தடவையும் மூன்றையும் வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது செலவு புகையானில்தான் நன்றாகத் தெரியும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பைரித்ராய்டு மருந்துகள் அடித்த அன்று வயலைச் சுத்தமாகக் காட்டும். கூடவே புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். தண்டுக்குள் வைத்த முட்டை அப்படியே இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல். மருந்து அடித்ததால் பூச்சி பெருகுவது என்று கேட்டால் விநோதமாக இருக்கும். ஆனால் புகையான் விஷயத்தில் இது ஆராய்ச்சியில் நிரூபணமான ஒன்று.

என் கதையும் ஒன்று. சில வருடம் முன்பு நட்ட மூன்றாம் வாரம் அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி. ஒரு கடையில் இலையைக் காட்டினேன். பூஞ்சை என்று சொன்னார்கள். இரண்டு தடவை அடித்தேன், புள்ளி நகரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது துத்தநாகச் சத்துக் குறை. நடவுக்கு முன்பே ஏக்கருக்குப் பத்துக் கிலோ சிங்க் சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து தூவியிருந்தால் முடிந்திருக்கும். கடைக்காரரைக் கோபிக்க முடியவில்லை. வேரோடு செடியைக் கொண்டுபோகாமல் ஒற்றை இலையைக் கொண்டுபோனவன் நான்தானே.

கடை எப்போது சரி? பிரச்சினை என்ன என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்து, மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போகும்போது. பில் கண்டிப்பாக வாங்குங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. முளைக்காத விதைக்கு நஷ்டஈடு கேட்க அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். கடன் கணக்கு நோட்டில் எழுதியதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

## ஏஓ ஆபீஸ்

வேளாண்மை விரிவாக்க மையம் என்பது அதன் அரசுப் பெயர். ஊரில் பலருக்கு அது டெப்போ. இங்கே உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்கிறார். மானியப் பட்டியல், விதை விநியோகம், பயிர் அறுவடைப் பரிசோதனை, வெள்ளம் வந்தால் சேதக் கணக்கு என்று எல்லாம் அவர் தலையில்தான். "ஆள் இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அவர் பெரும்பாலும் வேறு ஊரில் நின்றுகொண்டிருப்பார்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: தமிழக அரசு 2018இல் கொண்டுவந்த உழவன் செயலியில், உங்கள் ஊருக்கு அந்த அலுவலர் எந்த நாள் வருகிறார் என்று பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போன் செய்து, "சார், அன்னிக்கு நம்ம வயலையும் ஒரு எட்டு பார்த்துடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் வருவார்கள்.

பதிலால் அவருக்கு வரும்படி இல்லை; வயலைப் பார்க்க வருகிறவர். இந்த இரண்டும் பெரிய பலம். பலவீனம் வேகம். புகையான் ஒரு வாரத்தில் வட்டத்தை வயலாக்கிவிடும், அலுவலர் வரும் நாள் பத்து நாள் கழித்து இருக்கலாம். அப்புறம், அவர் கையில் இருக்கும் திட்டத்தின் பக்கம் பேச்சு சாய்வதும் உண்டு. இந்த வருடம் எந்த ரக விதை கையிருப்பில் இருக்கிறதோ அதுதான் நல்ல ரகம் என்பார். மானியம், காப்பீடு, சேதக் கணக்கு என்றால் வேறு வழி யோசிக்கவே வேண்டாம், நேராக இங்கேதான் போக வேண்டும்.

## வேளாண் அறிவியல் நிலையம்

கேவிகே என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். இந்தியாவின் முதல் கேவிகே 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது, அதுவும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ். திருவாரூர் மாவட்டத்துக்கு நீடாமங்கலம், நாகைக்குச் சிக்கல், புதுக்கோட்டைக்கு வம்பன். நெல் பற்றி இன்னும் ஆழமாகக் கேட்க வேண்டுமென்றால் ஆடுதுறை இருக்கிறது. 1922இலிருந்து நெல்லையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி நிலையம். ஏடிடீ 36, 37, 43, 45 நெல் ரகங்கள் எல்லாம் பிறந்த இடம்.

நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இவர்களுக்கு மிஞ்சி ஆள் இல்லை. பூச்சிக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று தனித்தனி நிபுணர்கள். நல்ல நிபுணர் முதலில் கேட்பது "என்ன அடிச்சீங்க?" என்றுதான் இருக்கும். புகையான் என்றால் தூருக்கு, அதாவது ஒரு கிளைத் தண்டுக்கு, எத்தனை பூச்சி என்று எண்ணச் சொல்வார்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து. குத்துக்கு (ஒரே இடத்தில் நட்டுத் தூர் கட்டிய முழுச் செடிக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியையும் கணக்கில் சேர்க்கும் இந்த எண்ணிக்கையைக் கடையில் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

செலவு? கட்டணம் ஒன்றும் பெரிதாக இல்லை. தூரம்தான் செலவு. மன்னார்குடிக்காரருக்கு நீடாமங்கலம் பக்கம்; முத்துப்பேட்டைக்காரருக்கு ஒரு நாள் வேலை கெடும். சனி ஞாயிறு கிடையாது. இன்னொன்று, பல்கலைக்கழகப் பரிந்துரை ஆராய்ச்சித் திடலில் சோதித்துப் பார்த்தது. அங்கே தண்ணீர் நினைத்த நாளில் வடியும். கடைமடையில் உங்கள் வயலிலிருந்து வடிக்க, கீழே இருக்கிற நாலு பேரிடம் கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆலோசனை வாங்கினால் பாதிப் பதில்தான் கிடைக்கும். சொன்னால் அதற்கேற்ற வழி சொல்கிறார்கள்.

## போன்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போனுக்குள்ளேயே மூன்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாரையும் ஒன்றாக நினைப்பதுதான் தவறு.

கிசான் கால் சென்டர், 1800-180-1551. 2004 ஜனவரியில் தொடங்கியது, இலவசம், காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில் பேசலாம். எடுப்பவர் விவசாயம் படித்தவர். எதையும் விற்பதில்லை. ஆனால் வயலைப் பார்க்காதவர். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துத்தான் அவர் பதில் வரும். "இலை காயுது" என்றால் பத்துக் காரணம் இருக்கிறது. "தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டில் பழுப்பா பூச்சி கூட்டமா இருக்கு, தட்டினா தண்ணியில விழுது" என்று சொல்லுங்கள், பதில் உடனே மாறும்.

படம் எடுத்தால் நோய் சொல்லும் செயலிகள் இரண்டாவது. இலைப் புள்ளிக்கு ஓரளவு உதவும். புகையானுக்கு மேலே நின்று எடுத்த படம் பயன்படாது, பூச்சி அடியில் இருக்கிறது. சில செயலிகளில் நோயின் பெயருக்குக் கீழேயே வாங்கும் பொத்தானும் இருக்கும். அப்படியென்றால் அதுவும் மருந்துக் கடைதான், கடன் கொடுக்காத கடை.

மூன்றாவது யூடியூப். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று கண்ணால் பார்க்க இதைப்போல எதுவும் இல்லை. பாய் நாற்றங்கால் போடுவதை நானே அதில்தான் கற்றுக்கொண்டேன். நோய்க்கு மருந்து கேட்க இது இடம் இல்லை. வீடியோ எடுத்தவர் மண் வேறு, பருவம் வேறு. தோற்றுப்போன வயலை யாரும் வீடியோ போடுவதில்லை.

பழைய ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். 1960களில் தஞ்சாவூரில் ஏடிடீ 27 என்ற குறுவை ரகம் திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டே பரவியது. ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

## பக்கத்து வரப்பு

எனக்கு அதிகம் சாய்வு உள்ள இடம் இது, அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரில் லொலானியே என்ற பாதிரியார் 1983 வாக்கில் விவசாயிகளோடு சேர்ந்து வயலிலேயே கண்டெடுத்த முறை. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, ஒன்பது அங்குல இடைவெளி, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. துண்டுப் பிரசுரத்தில் படித்தால் எவரும் நம்ப மாட்டார். நட்ட பத்து நாளைக்கு வயல் வெறும் தரை மாதிரித் தெரியும். அப்பா திட்டுவார், நடவு ஆட்கள் சிரிப்பார்கள். ஐம்பதாம் நாள் தூர் கட்டி நிற்பதைப் பக்கத்து வரப்பில் நின்று ஒருவர் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது பரவும். கோனோ களைக்கருவி ஓட்ட ஆள் கிடைக்குமா, சதுர நடவுக்குக் கூலி எவ்வளவு கூடும் என்பதையும் அவர்தான் சொல்வார்.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவும் இந்த வகைதான். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போனவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர வரும்போது வெறுங்கையோடு வர முடியாது பாருங்கள், "மாப்பிள்ளைச் சம்பா எங்க ஊர்ல சாஞ்சுடுச்சு" என்ற செய்தியும் விதையோடு வந்து சேரும்.

இதையே ஒழுங்குபடுத்தினால் வயல்வெளிப் பள்ளி. இந்தோனேசியாவில் 1980களின் நடுவில் புகையான் நெல்லை அழித்தபோது, 1986இல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளைத் தடை செய்தார். 1989இல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் இருபத்தைந்து பேர் வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, தாங்களே முடிவெடுப்பார்கள். நம் ஊரில் அட்மா என்ற அரசு வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் நடக்கும் பண்ணைப்பள்ளி அதன் தம்பி: இருபத்தைந்து விவசாயிகள், ஆறு வகுப்பு. டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பள்ளிகளும் உண்டு. வயலில் இறங்கி எண்ண வைக்கிற பள்ளி என்றால் விடாதீர்கள்.

பலவீனம்? யாருமே பார்த்திராத பிரச்சினை வந்தால் பக்கத்து வரப்பும் கைவிட்டுவிடும். 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் இறங்கியபோது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அனுபவசாலிகளே திகைத்து நின்றார்கள். புழு குருத்துக்குள் இருந்தது, மருந்தை இலை மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் கேவிகேதான். இன்னொரு மறைசெலவு கௌரவம்: பங்காளி வயலில் போய்க் கேட்க மனசு வராது, கேட்டாலும் அவர் தன் நஷ்டத்தைச் சொல்ல மாட்டார். உங்கள் மச்சானும் பக்கத்து வரப்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

## எந்தக் கேள்விக்கு யார்

| கேள்வி | முதலில் | அடுத்து | வேண்டாம் |
|---|---|---|---|
| பயிருக்கு என்ன நோய்? | கேவிகே அல்லது வயலுக்கு வரும் அலுவலர் | கால் சென்டர் | ஒற்றை இலையோடு கடை |
| எந்த மருந்து, எவ்வளவு? | நோயைக் கண்டுபிடித்தவரே | கால் சென்டர் | யூடியூப் |
| எங்கே வாங்குவது? | பில் கொடுக்கும் கடை | டெப்போவில் இருந்தால் டெப்போ | கடனுக்காக மட்டும் ஒரு கடை |
| புதிய நடவு முறை, புதிய ரகம் | இரண்டு வருடம் செய்த பக்கத்து விவசாயி | கேவிகேயின் செயல்விளக்கத் திடல் | கண்காட்சியில் நோட்டீஸ் |
| மானியம், காப்பீடு | ஏஓ ஆபீஸ் | உழவன் செயலி | தரகர் |
| இன்றைய விலை | உழவன் செயலி | நேற்று விற்ற பக்கத்து விவசாயி | வாங்க வந்த வியாபாரி |

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் ஒரே ஆள் பதில் சொல்லக் கூடாது. நான் இதில் மட்டும் பிடிவாதம்.

## மன்னார்குடிக்காரருக்கு

உங்களுக்கு நாலு நாள் காத்திருக்க நேரமில்லை, அதனால் வரிசை இப்படி. இன்று மாலையே வயலில் இறங்கி, காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் பத்துக் குத்தை விலக்கிப் பாருங்கள்; நடுவில் பார்க்க வேண்டாம், அங்கே தின்று முடித்துப் போயிருக்கும். தூருக்கு எத்தனை பூச்சி, குத்துக்கு எத்தனை சிலந்தி என்று எழுதுங்கள். தண்ணீரை வடிக்க முடிந்தால் வடியுங்கள். யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம். ராத்திரி பத்துக்குள் கால் சென்டருக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். கடையில் எடுத்து வைத்த மூன்று பாட்டிலின் பெயரையும் வாசித்துக் காட்டி, இதில் பைரித்ராய்டு எது என்று கேளுங்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேப்பெண்ணெய் பூச்சி குறைவாக இருக்கும்போது சரி; வட்டம் விழுந்த பிறகு அதை மட்டும் நம்ப வேண்டாம். எதை அடித்தாலும் தண்டின் அடியில் படும்படி அடிக்க வேண்டும், மேலே தூவினால் காசு தண்ணீரில் போகும்.

காலையில் நீடாமங்கலம் போங்கள். போகும்போது காய்ந்த குத்து ஒன்று, ஓரத்தில் பூச்சியோடு இருக்கும் குத்து ஒன்று, நல்ல குத்து ஒன்று, மூன்றையும் மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். பாலிதீன் பையில் கட்டி பைக் டேங்க் மேல் வைத்தால், போய்ச் சேர்வதற்குள் மூன்றும் வெந்து ஒரே நோயாகிவிடும்.